அனுப்பாமல் விட்ட படம்

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். திருவெறும்பூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில், இரும்புக் குழாய்களை ஒட்டிய வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, உள்ளே எங்கே காற்றுக்குமிழ் இருக்கிறது, எங்கே விரிசல் ஓடுகிறது என்று எழுதிக் கொடுப்பேன். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. ஃபிலிமில் யாராவது கை வைத்தால், ஒரு சின்னப் புள்ளியை மறைத்தால்கூட, வேலை போய்விடும். அப்படி ஒருத்தனை நானே எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்த நான்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன் என்று நினைத்தால், இன்றைக்கும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

போட்டோ எடுப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். நாங்கள் மூன்று பேர். புத்தூரில் மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அறிவியல் டீச்சர் ஒருவர், அப்புறம் நான். யாருக்கும் யாரும் குரு கிடையாது. யூடியூபில் பார்த்ததை வந்து செய்து பார்ப்போம், சொதப்புவோம், டீ குடிப்போம். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெயிலை வடிகட்டுவோம். டிவி வாங்கிய பெட்டியில் வந்த தெர்மாக்கோல் அட்டையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்புவோம். மருந்துக்கடைக்காரர் ஒரு தடவை ஃப்ளாஷுக்கு முன்னால் இட்லித் துணியைக் கட்டி, அது கருகி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எக்ஸ்போஷர் பழகுவதற்கு டீச்சர் ஒரு பயிற்சி கண்டுபிடித்திருந்தார். முக்கொம்பில் மதகுப் பக்கம் வெயிலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் கறுப்புக் குடையை வைத்துவிடுவார். ஒரே படத்தில் வேட்டியின் இழையும் தெரிய வேண்டும், குடைத்துணியின் மடிப்பும் தெரிய வேண்டும். வெளிச்சம் கூடினால் வேட்டி வெளுத்து ஒன்றுமில்லாமல் போய்விடும். குறைந்தால் குடை வெறும் இருட்டு. மற்ற இரண்டு பேருக்கும் அது கடைசிவரை பிடிபடவில்லை. எனக்கு மூன்றாவது வாரமே வந்துவிட்டது. வேலையில் ஃபிலிம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. கொஞ்சம் மண்டைக்கனம் ஏறியது என்றே சொல்ல வேண்டும்.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. வாராவாரம் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டரில் எடிட் செய்த ஒரு படத்தைக் கொண்டுவர வேண்டும். இடது பக்கம் எடுத்தபடி, வலது பக்கம் எடிட் செய்தபடி. யாருடையதில் வித்தியாசம் அதிகமோ அவருக்கு அன்றைய டீ இலவசம். மின்கம்பியை எடுத்துவிட்ட கோபுரம், குப்பையை எடுத்துவிட்ட காவிரிக் கரை, இப்படி. வித்தியாசம் அதிகமானால் திறமை அதிகம் என்று நாங்களாகவே ஒரு கணக்கு வைத்திருந்தோம். எவ்வளவு மடத்தனமான கணக்கு என்று அப்போது தெரியவில்லை.

டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். உதட்டின் இடது ஓரத்திலிருந்து தாடை வரைக்கும் வெண்திட்டு. இரண்டு கை விரல்களிலும் உண்டு. அவர் அதைத் துப்பட்டாவால் மூட மாட்டார், பவுடர் பூச மாட்டார். ஆனால் கேமராவுக்கு முன்னால் மட்டும் நிற்க மாட்டார். லைட்டிங் சோதனைக்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் நானோ மருந்துக்கடைக்காரரோதான் ஸ்டூலில் உட்கார வேண்டும். டீச்சர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு, டீக்கடையில் மருந்துக்கடைக்காரர் காசு கொடுக்கப் போன நேரத்தில், என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“சார், என்னை ஒரு போட்டோ எடுத்துத் தரணும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப.”

விவரத்தையும் அவரே சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வரன் வந்தபோது, அவருடைய அப்பா, மகள் காலேஜில் படித்த காலத்துப் படத்தை அனுப்பிவிட்டார். அப்போது இந்தத் திட்டு கிடையாது. வந்தவர்கள் பார்த்தார்கள், ஒன்றும் பேசாமல் போனார்கள், பிறகு தரகரிடம் மறைத்துவிட்டார்கள் என்று கத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு டீச்சர் அப்பாவிடம் சத்தியம் வாங்கிவிட்டார், இனி அப்படிச் செய்யக் கூடாது என்று.

“போன்ல எடுத்தா திட்டு வெளுத்துப்போய் முகமே வேற மாதிரி ஆயிடுது. இல்லன்னா இருட்டுல மறைஞ்சிடுது. ரெண்டும் இருக்கிறபடியே தெரியணும் சார். அது உங்க ஒருத்தருக்குத்தான் வரும்” என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “மறைச்சுட்டாங்கன்னு இன்னொரு தடவை என்னை யாரும் சொல்லக் கூடாது. பிடிக்கலைன்னா படத்தைப் பார்த்துட்டு அங்கேயே வேண்டாம்னு சொல்லிடட்டும்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டியும் குடையும் வைத்துப் பழகியது இதற்குத்தான் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு காலையில் ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது மாடியில் சின்ன ஃப்ளாட். அப்பாவும் மகளும் மட்டும்தான். அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியிருந்தார். சர்வீஸ் முழுக்கக் கண் பரிசோதனையில் ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்லை என்று வந்த ஐந்தாவது நிமிஷமே சொன்னார். அந்தக் கண்ணில் இப்போது புரை விழுந்திருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். ஆனாலும் கையில் போன் இல்லாமல் இருக்க மாட்டார். தினமும் காலையில் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ராஜகோபுரம் படத்தோடு வணக்கம் அனுப்புவார். அன்றைக்கு என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

ஜன்னலில் வேட்டி கட்டினேன். டீச்சர் மர நாற்காலியில் உட்கார்ந்தார். தெர்மாக்கோல் அட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும். அப்பா தானே பிடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். கையை மாற்றி மாற்றிப் பிடித்தார். “சரியா இருக்காங்க தம்பி? இன்னும் தூக்கணுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் அந்த மனிதர் அட்டையை இறக்கவில்லை. நான் முதலில் திட்டின்மேல் வெளிச்சத்தை அளந்து அதற்கு எக்ஸ்போஷரை வைத்தேன். பிறகு அட்டையை நகர்த்தி நகர்த்தி மற்ற பக்கத்து இருட்டை ஏற்றினேன். பதினான்காவது படத்தில் எல்லாம் உட்கார்ந்தது. திட்டின் ஓரம், அதில் ஓடும் மெல்லிய ரோமம், மாநிறத் தோல், கறுப்பு விழியில் ஜன்னல், எல்லாம் இருந்தன. முகத்தில் ஒரு துளி பயம் இல்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அது.

கேமராவின் பின்பக்கத் திரையில் டீச்சர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். “நான்தான் சார் இது” என்றார். படத்தை அப்பா நம்பருக்கே அனுப்பிவிடச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டோடு பேசுவது அப்பாதான். மறுநாளிலிருந்து டீச்சருக்கு விடைத்தாள் திருத்தும் முகாம், உள்ளே போன் எடுத்துப் போக முடியாது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கை சும்மா இருந்ததா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். அடுத்த வாரத்துக்கு இடது வலது படம் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துத் தோலை எடுத்து இன்னொரு பக்கத்தில் பூசும் வித்தை எனக்குப் புதிதாகப் பிடிபட்டிருந்தது. தாடையிலிருந்து ஆரம்பித்தேன். துவாரம் துவாரமாக, ரோமம் ரோமமாகப் பூசினேன். மூன்று மணி நேரம். முடித்தபோது திட்டு இருந்த சுவடே இல்லை. எக்ஸ்ரே பார்க்கிற என் கண்ணுக்கே தெரியவில்லை.

பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். காபி டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, அந்தப் பொண்ணு இப்படிக் கேட்டுச்சா?”

“கேக்கல. சும்மா பண்ணிப் பார்த்தேன்.”

“கேக்காதப்ப எதுக்கு அது மூஞ்சியில கை வைக்கிறீங்க?”

உனக்கு இதெல்லாம் புரியாது என்று எரிந்து விழுந்தேன். அவள் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குத்தான் புரிந்திருந்தது. புத்தி கெட்டுப் போனவன் நான்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகும் முன் டீச்சரின் அப்பாவுக்குப் படம் அனுப்ப உட்கார்ந்தேன். இரண்டையும் அனுப்பி, இது பயிற்சிக்குப் பண்ணியது, மாப்பிள்ளை வீட்டுக்கு மற்றதை அனுப்புங்கள் என்று சொல்வதாகத்தான் எண்ணம். பூசிய படத்தை முதலில் அனுப்பினேன். யாராவது ஒருத்தர் அதைப் பார்த்து வியக்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் அவரிடமிருந்து குரல் பதிவு வந்துவிட்டது. “ரொம்ப நல்லா இருக்குங்க தம்பி. என் பொண்ணு லட்சணமா இருக்கா. இப்பவே அவங்களுக்கு அனுப்பிட்டேன். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

அவர் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் திட்டு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். எனக்கு அது தெரியும். அந்த நிமிஷமே போன் போட்டு, ஐயா, அது வேற படம், அழிச்சிடுங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்ல என்ன கேடு? மணி ஆகிவிட்டது, சாயங்காலம் சொல்லலாம் என்று பைக்கை எடுத்தேன். சாயங்காலமும் சொல்லவில்லை, மற்ற படத்தை அனுப்பவும் இல்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அதுவும் பொய். மறக்கவில்லை. சொன்னால் ஏன் பூசினாய் என்று கேள்வி வரும். அதோடு, ஒருவேளை இந்தப் படத்தாலேயே நல்லது நடந்துவிட்டால் என்ன என்று ஒரு நப்பாசை. அந்தப் பெண் எதை வேண்டாம் என்று என்னிடம் வாய்விட்டுச் சொன்னதோ, அதையே அதற்கு நல்லது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

டீச்சர் முகாமிலிருந்து வந்து அப்பாவிடம் படம் வந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறார். வந்தது, அனுப்பிவிட்டேன் என்றிருக்கிறார் அவர். டீச்சர் திறந்து பார்க்கவில்லை. கேமராவிலேயே பார்த்ததுதானே. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லால்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். டீச்சர் காபித் தட்டோடு வந்து நின்றிருக்கிறார். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்த முகமாக வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா போனை எடுத்துப் படத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கேசரியை யாரும் தொடவில்லை. படியிறங்கும்போது அந்த அம்மா சொன்னது பக்கத்து ஃப்ளாட் வரைக்கும் கேட்டிருக்கிறது: “இப்படி மறைச்சா கட்டிக் கொடுப்பாங்க?”

எனக்கு இதெல்லாம் தெரிந்தது அன்றைக்கே, டீச்சர் போன் செய்தபோது. அழவில்லை. குரல் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல ஒரே சீராக இருந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சார், நீங்க எந்தப் படத்தை அனுப்பினீங்க?”

அந்த நேரத்தில் உண்மை சொல்ல எனக்கு எத்தனை வார்த்தை வேண்டும்? நாலு வார்த்தை. அதற்குப் பதிலாக வாய் கூசாமல் சொன்னேன்: “ரெண்டையும் அனுப்பினேனே டீச்சர். எடிட் பண்ணினது சும்மா நம்ம குரூப்புக்குன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.”

“அப்பா போன்ல ஒண்ணுதான் இருக்கு.”

“ஏதாவது அழுத்தி இன்னொண்ணு அழிஞ்சிருக்கும். பெரியவருக்குக் கண்ணு வேற சரியில்ல. தெரியாமப் பண்ணியிருப்பாரு.”

“தெரியாம இல்ல சார்” என்றார் டீச்சர். “முன்னாடியும் இதையேதான் பண்ணினார்.”

போனை வைத்த கையோடு, அவருடைய அப்பாவுக்கு அனுப்பியதெல்லாம் இருந்த பக்கத்தை என் போனிலிருந்து மொத்தமாக அழித்தேன். யாராவது கேட்டால் காட்ட வேண்டி வருமே. வேலையில் ஒரு புள்ளியை மறைத்தவனை வீட்டுக்கு அனுப்பியவன் நான்.

அதற்குப் பிறகு பெரியவரின் காலை வணக்கம் வரவே இல்லை. மகள் அவருடைய போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, பட்டன் போன் ஒன்றைக் கொடுத்துவிட்டார் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் கடையில்தான் பெரியவருக்கு மாத்திரை வாங்குவார்கள். டீச்சர் எங்கள் குரூப்பிலிருந்து விலகினார். வேலை அதிகம் என்று ஒரு வரி எழுதியிருந்தார். ஜூனில் துறையூர் பள்ளிக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டார். பெரியவர் ஸ்ரீரங்கத்தில் தனியாக இருந்தார்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ ஞாயிறு நினைத்தேன். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் கோபம்தான். இப்போது சொன்னால், இத்தனை மாசம் ஒரு வயசானவர்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாயா என்று கேட்பார்களே. கேட்டால் நியாயம்தானே.

ஆறேழு மாசம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பெரியவர். கண் ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறதாம். மகளை அன்றைக்கு எடுத்த படம், எடுத்தபடியே ஒன்று பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தில்லைநகரில் கொடுத்துப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டுக்கொண்டு போனேன். போகும்போது சொல்லிவிடுவது என்றுதான் போனேன். காவிரிப் பாலத்தில் பைக்கை ஓட்டிக்கொண்டே, எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

அவர் படத்தை வாங்கி, அன்றைக்கு அட்டை பிடித்து நின்ற அதே ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். விரலால் அந்தத் திட்டின் ஓரத்தைத் தடவினார்.

“எவ்வளவு அழகா இருக்கா. இதைப் போயா நான் அழிச்சேன்?” என்றார்.

பாலத்தில் சொல்லிப் பார்த்ததை நான் ஆரம்பிக்கவே இல்லை. அவரே பேசினார். “ரெண்டு படம் அனுப்பினீங்களாமே தம்பி. என் கண்ணுக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது. எதை அழுத்தித் தொலைச்சேனோ. உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கி வெச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க.”

“பரவால்லைங்க ஐயா” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அந்த மனிதரை மன்னித்துவிட்டு, அவர் போட்டுக் கொடுத்த காபியையும் குடித்தேன்.

கிளம்பும்போது செருப்பு மாட்டும் இடம்வரை வந்தார். “பாப்பா மாசம் ஒரு தடவை வருது. மாத்திரை எல்லாம் வாங்கி வெச்சுட்டு, சமைச்சு வெச்சுட்டு, சாயங்காலமே பஸ் ஏறிடுது. ஆபரேஷன் அன்னைக்குக்கூடப் பக்கத்துலதான் இருந்துச்சு, ஆனா முகம் கொடுத்துப் பேசல. வேணும்னே பண்ணினேன்னு நினைக்குது. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி, அப்பா வேணும்னு பண்ணலன்னு. நீங்க சொன்னா நம்பும்.”

“சொல்றேங்க” என்றேன்.

சொல்லவில்லை. டீச்சரின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் வேண்டும் என்று பண்ணவில்லை என்று சொன்னால், அப்புறம் யார் பண்ணியது என்று அடுத்த கேள்வி வருமே. ஒரு தடவை பெல் போனது. டீச்சர் எடுப்பதற்குள் நானே துண்டித்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பெரியவர் மறுபடி பேசினார். படத்தை ஹாலில் மாட்டிவிட்டாராம். ஆணி அடித்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் யார் எடுத்த போட்டோ என்று கேட்டானாம். என் பேரைச் சொன்னாராம். சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில்தான் கேட்டார்.

“பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா தம்பி?”

“சொல்லிட்டேங்க ஐயா.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “அப்படியா” என்றார். “அப்ப இந்தத் தடவை வந்தா, உக்காந்து பேசிட்டுப் போகும்.”